நாச்சிமுத்துக் கொழுஞ்சி

நான் வேலை பார்த்த கல்லூரியில் தாவரவியல் துறையை மூடிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இப்போது தையல் மெஷின்கள் ஓடுகின்றன. துறைக்குப் பெயர் ஆடை வடிவமைப்பு. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைத்திருந்த இரும்பு பீரோக்களில் நூல் கோன்களை அடுக்கியிருக்கிறார்கள். தாள்களை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். “பத்திரமா மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கோமுங்க மேடம்” என்றார்கள். மாடிப்படிக்கு அடியில் வைத்த எதுவும் பத்திரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

துறை மூடப்படுவதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். மூடுவதற்கும் மலர் போடுகிற ஊர் இது. என்னோடு கடைசி ஆண்டுகளில் வேலை பார்த்த ஜெனிஃபர் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். என்னைவிடக் கைநேர்த்தி உள்ளவள்.

“மேடம், ஒரு பக்கம் எழுதித் தாங்க. சந்தோஷமான நினைவா இருந்தா நல்லாருக்கும்னு பிரின்சிபால் சொல்லுதாவ.”

“சந்தோஷமா எழுதுனா ஒரு பக்கத்துக்கு வராதே, ஜெனிஃபர்.”

“அப்ப உள்ளத எழுதுங்க. எத்தன பக்கம் வந்தாலும் நான் போட வச்சிருதேன்.”

உள்ளதை எழுதுகிறேன். போடுகிறார்களா என்று பார்ப்போம்.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த நெசவுக் குடும்பம் எங்களுடையது. அண்ணன்மார் கட்டிங், நிட்டிங் என்று போனார்கள். நான் செடியைப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, “பருத்தியும் செடிதானே, என்னைக்காச்சும் கம்பெனிக்கு ஆகும்” என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆகவில்லை. பட்டம், மேல்பட்டம் எல்லாம் எல்லோரையும் போலத்தான், சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது என் ஆய்வு வழிகாட்டியைப் பற்றி.

பேராசிரியர் தணிகாசலம். இவரளவுக்குப் புதுச்செடிகளைக் கண்டுபிடித்தவர் தென்னாட்டில் வேறு யாரும் இல்லை என்று அவருடைய பாராட்டு விழாக்களில் சொல்வார்கள். கண்டுபிடித்த விதத்தை நான் சொல்கிறேன். ஜீப்பின் முன்சீட்டில், துண்டு விரித்த சாய்மானத்தில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. மாணவர்கள் நாங்கள் வெயிலில் கரடு மேடெல்லாம் அலைந்து, வேரோடு பறித்த செடியுடன் ஜன்னலோரம் வந்து நிற்போம். கண்ணாடியை ஒரு சாண் இறக்குவார். கைக்குட்டையால் தண்டைப் பிடித்துத் தலைகீழாக ஒரு தரம், நேராக ஒரு தரம் பார்ப்பார். “புதுசு” என்பார், அல்லது “பழசு” என்பார். பழசென்றால் அதே ஜன்னல் வழியாக வெளியே விழும். கண்ணாடி ஏறிவிடும். அவர் ஜீப்பை விட்டு இறங்கி ஒரு செடி முளைத்திருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை.

புதுசுகளுக்குப் பெயர் வைப்பதில்தான் அவருடைய மேதைமை. பதிவாளர் பெயரில் ஒரு புல், நிதி அதிகாரி பெயரில் ஒரு கொடி, துணைவேந்தரின் தாயார் பெயரில் ஒரு கீரை. ஒரு தடவை கட்டுரை அச்சில் இருக்கும்போதே துணைவேந்தர் மாறிவிட்டார். பிழை திருத்தும் தாளிலேயே செடியின் பெயரும் மாறியது. பழைய துணைவேந்தரால் ஒரு வாரம்கூடச் செடியாக இருக்க முடியவில்லை.

காங்கேயத்துக்குத் தெற்கே மேய்ச்சல் காடுகளுக்கு நடுவில் வட்டப்பாறை என்று ஒரு பாறை இருக்கிறது. பெரிய மலையெல்லாம் இல்லை. ஆமை முதுகு மாதிரி மண்ணிலிருந்து எழும்பிக் கிடக்கும். அங்கேதான் அந்தக் கொழுஞ்சியை முதன்முதலில் பார்த்தேன். கொழுஞ்சியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வயலுக்குத் தழையுரமாகப் போடுவது. முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், ஊதாப் பூ பூக்கும். பாறை வெடிப்பில் இருந்ததோ தரையோடு தரையாக, பசை போட்டு ஒட்டியது போலப் படர்ந்திருந்தது. இலை முழுக்க வெள்ளை மயிர். பூ அதே ஊதாதான், அளவில் சிறியது. ஓடிப்போய் ஜன்னலில் காட்டினேன்.

“பழசு” என்றார். செடி வெளியே விழுந்தது. ஜீப் கிளம்புவதற்குள் பொறுக்கி எடுத்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். அதன்பின் தினமும் தாளை மாற்றி, ஈரம் போகக் காயவைத்து, தடித்த தாளில் நூலால் தைத்து, எங்கே எடுத்தது என்று எழுதி வைத்தேன். எனக்கு அது வழக்கம். வேறு காரணம் இல்லை.

அடுத்த ஆண்டு திருப்பூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர், நாச்சிமுத்து என்று பெயர், எங்கள் பல்கலைக்கழகத் துறைக்கு இரும்பு பீரோக்கள் வாங்கிக் கொடுத்தார். பீரோக்கள் வந்து இறங்கிய மறுநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா செல்வநாயகி, அந்தப் பாறைச் செடி உங்கிட்ட இருக்கா?”

“இருக்குங்க சார்.”

“அது புதுசு.”

இப்படித்தான் நாச்சிமுத்துக் கொழுஞ்சி உலகத்துக்கு வந்தது. லத்தீன் வாலோடு ஒரு பெயர், ஒன்றரைப் பக்கக் கட்டுரை. ஒரு செடிக்குப் புதுப்பெயர் வைத்தால், எந்தச் செடியைப் பார்த்து வைத்தோமோ அதை உலர்த்தித் தைத்த தாளை என்றென்றும் ஆதாரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆதாரம், ஜன்னலிலிருந்து விழுந்து நான் பொறுக்கிய செடி. சேகரித்தவர் பெயர் இருக்கும் இடத்தில் தணிகாசலம் என்று இருந்தது.

கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். செடியின் படத்தை ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். பாறைச் செடி படத்தில் எடுப்பாக இல்லை என்று வயலில் நின்ற சாதாரணக் கொழுஞ்சியைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் நானும் இன்னும் இரண்டு மாணவர்களும்தான். பேராசிரியருக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மாலையும் கழுத்துமாக நாச்சிமுத்து ஐயா மட்டும் மேடையோரம் நின்றிருந்த என் பக்கம் சாய்ந்து, “ஏனுங்க அம்மணி, இது மாடு திங்குமுங்களா?” என்று கேட்டார்.

“பெருசாத் திங்காதுங்க. கசக்கும்.”

“அப்பறம் எதுக்குங்க என்ர பேரு?” என்று சிரித்தார். அன்று அந்த மேடையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். “சார், இந்தச் செடிய விதை போட்டு வளர்த்துப் பாத்தாச்சுங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உட்காருங்க” என்றார். அதன் பிறகு என் ஆய்வேடு அவர் மேசையில் நெடுங்காலம் கிடந்தது. ஒருவழியாகக் கைக்குத் திரும்பி வந்தபோது அட்டையில் காபி டம்ளர் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. உள்ளே ஒரு திருத்தமும் இல்லை.

அந்தக் கேள்வியில் கோபப்பட என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டுப் பையன் விடுதிக்குப் போனால் இளைக்கிறான், வீட்டுக்கு வந்தால் தேறுகிறான். அதற்காக அவனை இரண்டு ஆளாக எண்ண மாட்டோம். செடியும் அப்படித்தான். பாறையில் மண் இல்லை, தண்ணீர் நிற்காது, காற்று அடிக்கும். சாதாரணக் கொழுஞ்சிகூட அங்கே குறுகிப் படரலாம். அந்தக் குறுகல் இடத்தால் வந்ததா, விதையிலேயே இருக்கிறதா? விதையில் இருந்தால், பக்கத்துக் கொழுஞ்சியோடு கலக்க முடியாத அளவுக்கு அது பிரிந்து போய்விட்டதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் தனி இனம் என்று சொல்லலாம். இரண்டு விதமான விதையையும் ஒரே மண்ணில் போட்டு வளர்த்து, பூத்ததும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதற்கு ஜீப்பை விட்டு இறங்க வேண்டும்.

வேலை கிடைத்தது, பாடம் நடத்தினேன், ஓய்வும் பெற்றேன். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் வட்டப்பாறைக்கு ஆபத்து வந்தது. பாறையும் அதைச் சுற்றியிருந்த மேய்ச்சல் புறம்போக்கும் சேர்த்து, ஆயத்த ஆடைப் பூங்கா கட்டக் கேட்டிருந்தார்கள். துணி தைக்கிற கூடத்துக்குப் பூங்கா என்று பெயர். கேட்டவர், காலமாகிவிட்ட நாச்சிமுத்து ஐயாவின் மகன். எதிர்த்தவர்கள் அந்தக் காட்டில் மாடு மேய்க்கிறவர்கள். அவர்களுடைய வக்கீல் எங்கிருந்தோ அந்தப் பழைய ஒன்றரைப் பக்கத்தைத் தோண்டி எடுத்து, உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி இங்கே இருக்கிறது என்று மனுவில் எழுதிவிட்டார். அப்பன் பெயர் வைத்த செடி மகனுக்கு முட்டுக்கட்டையாக வந்து நின்றது.

ஒரு நாள் காலையில் எங்கள் வீதியில் பெரிய கார் ஒன்று நின்றது. பேராசிரியர் தணிகாசலம் இறங்கினார். ஆமாம், இறங்கினார். தடி ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார். கூடவே மகன் முதலாளியும் வந்தார்.

“அம்மா செல்வநாயகி, நீ அன்னைக்குக் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அது தனி இனம் இல்லை, சாதாரணக் கொழுஞ்சிதான்னு ஒரு கட்டுரை எழுது. நீ சொன்னா எடுபடும். நானும் கூடக் கையெழுத்துப் போடறேன்.”

தன் தவறைத் திருத்தும் கட்டுரையிலும் அவருக்குப் பெயர் வேண்டியிருந்தது.

“உங்கப்பா பேருல்லங்க அது?” என்று மகனைக் கேட்டேன்.

“அதுக்கென்னங்க மேடம், அப்பா பேர வேற நல்ல செடிக்கு வெச்சுக்கலாமுங்க. ரோஜா மாதிரி ஏதாச்சும். கட்டுரைக்கு ஆகற செலவு பூரா ஸ்பான்சர் பண்ணிருவோமுங்க.”

“வளர்த்துப் பாத்துட்டுச் சொல்றனுங்க.”

பேராசிரியர் பதறினார். “அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா. உனக்குத்தான் தெரியுமே அது தனி இல்லைன்னு!”

“எனக்குத் தெரியாதுங்க சார். கேள்விதான் கேட்டேன். நீங்க உட்காரச் சொன்னீங்க.”

காபி குடிக்காமல் போய்விட்டார்கள். மறுவாரம் அந்தப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். அதில் பழனாத்தாள் என்ற அம்மாள்தான் பேசினார். மேய்ச்சல் காட்டை நம்பிக் காங்கேயம் மாடுகள் வைத்திருப்பவர். அவருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும்: அது தனிச்செடி என்று.

“வளர்த்துப் பாத்துட்டுச் சொல்றனுங்க அக்கா.”

“வளத்திப் பாக்கறதுக்குள்ள பொக்லைன் வந்துருமுங்க டீச்சரு! அவங்களுக்கு இல்லைன்னு எழுதிக் குடுக்க ஆளு இருக்குது. எங்களுக்கு இருக்குதுன்னு எழுதித்தர ஆளில்லீங்களா?”

“இருக்குதான்னு தெரியாம எப்படிங்க எழுதறது?”

“படிச்சவிய எல்லாம் ஒண்ணுதானுங்க” என்று எழுந்து போனார். கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டு கட்சிக்கும் செடி வேண்டியிருக்கவில்லை, சீட்டுத்தான் வேண்டியிருந்தது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தச் செடி தனி இனமாக இருக்கக்கூடாது என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். தணிகாசலம் தப்பு என்று செடியே சாட்சி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகளாக எனக்கு ஒரு தாகம். ஆனால் தனி இல்லை என்று சொன்னால் காடு போய்விடும். அதனால் என் ஆசை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவில் அது கலந்துவிடாதபடி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஜெனிஃபரைக் கூப்பிட்டேன்.

பாறைச் செடியிலிருந்தும் காட்டுச் செடியிலிருந்தும் விதை எடுத்தோம். கொழுஞ்சி விதைக்கு ஓடு கெட்டி. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து ஊறவைத்தால்தான் முளைக்கும். என் வீட்டு மொட்டைமாடியில் பைகளில் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். எந்தப் பை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். நிழலோரம் ஒரு கட்சிக்கும் வெயிலோரம் ஒரு கட்சிக்கும் போய்விடக் கூடாதல்லவா. எந்தப் பையில் எந்த விதை என்பது எனக்கு மட்டும் தெரியும். உயரம், கிளை, இலை மயிர், காய் எல்லாவற்றையும் அளந்தது ஜெனிஃபர், அவளுக்குத் தெரியாது. “மேடம், என்னய நம்பலியா?” என்றாள். “என்னயவே நான் நம்பல” என்றேன்.

முளைத்து ஒரு மாதம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் சில பைகளில் செடிகள் நிமிர்ந்தன. சில பைகளில் நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்தும் கிளைகள் பையின் விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்து படர ஆரம்பித்தன. இலையில் வெள்ளை மயிர் வந்தது. எந்தப் பைகள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

பூத்ததும் கலப்புச் செய்தோம். பூ விரிவதற்கு முந்தைய நாள் மொட்டை ஊசியால் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களை, நடுவில் நிற்கும் சூல்முடி உடையாமல் இடுக்கியால் பிடுங்க வேண்டும். மறுநாள் காலை மற்ற செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஜெனிஃபருக்குத் தப்பாத கை. எனக்குப் பாதி மொட்டு நசுங்கிப் போனது. எங்கள் பகுதியில் காற்றிலேயே பஞ்சுத்தூசு மிதக்கும். சூலகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் கம்பெனியில் வெட்டிப்போட்ட மெல்லிய பனியன் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து ஒவ்வொரு பூவையும் மூடினேன். குடும்பத் தொழில் என் படிப்புக்கு ஆனது அந்த ஒரு தடவைதான். பாறையும் காடும் கலந்த பூவுக்குச் சிவப்பு ஓவர்லாக் நூல். அதேபோலக் கீறிப் பிடுங்கித் தன் இனத்து மகரந்தமே தடவிய பூவுக்கு வெள்ளை நூல். நாங்கள் கீறியதாலேயே காய் கெட்டுப்போகிறதா என்பது வெள்ளை நூலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளை நூல் கட்டிய காய்கள் திரண்டன. சிவப்பு நூல் கட்டியவை சுருங்கி உதிர்ந்தன. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு விதையைப் போட்டோம். மஞ்சளாக முளைத்து, இரண்டு இலை விட்டுச் செத்தன.

“மேடம், இது தனிதான்” என்றாள் ஜெனிஃபர்.

“அடுத்த தலைமுறையும் பாக்கலாம்” என்றேன். அரசாங்கக் கோப்பு நகர்ந்த வேகத்துக்குச் செடி வளர்கிற வேகம் பரவாயில்லை. அதற்கும் நேரம் கிடைத்தது. மாடியில் விளைந்த விதையையே மறுபடி போட்டோம். மறுபடியும் அதே படர்தல், அதே வெள்ளை மயிர். அன்று மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார். அதையும் பீரோவுக்காகச் சொல்லியிருக்கிறார். இப்போது அதையும் திரும்ப வாங்கிக்கொள்ள வந்து நிற்கிறார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதிகாரி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். முதலில் தணிகாசலம் பேசினார். இளமை வேகத்தில் தான் செய்த பிழை என்றும், விஞ்ஞானி என்பவன் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவுள்ளவன் என்றும் குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டினார்கள். செய்யாத பிழையை ஒப்புக்கொண்டு கைதட்டு வாங்கியவரை அன்றுதான் பார்த்தேன்.

நான் இரண்டு பைகளை மேசைமேல் வைத்தேன். ஒரே மண், ஒரே தண்ணீர், இரண்டு தலைமுறை. ஒன்று நிமிர்ந்து நின்றது, ஒன்று மேசை விளிம்பில் வழிந்தது. செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், சுருக்கமாச் சொல்லுங்க. அபூர்வமா, இல்லையா?”

“தனி இனம். அது உறுதிங்க. சுத்துவட்டாரத்துல கரடெல்லாம் தேடுனோம், வேற எங்கயும் கிடைக்கல. அதுக்காக வேற எங்கயும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து, “பாத்தீங்களா, அவங்களே சந்தேகப்படறாங்க” என்றார். தெரிந்ததை மட்டும் சொல்வதற்கு வக்கீல் பாஷையில் சந்தேகம் என்று பெயர் போல. தணிகாசலம் அந்தப் பைகளின் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

பழனாத்தாள் எழுந்தார். “சாமி, செடி தனியோ ஒண்ணோ, எனக்குத் தெரியாதுங்க. அந்தக் காட்டுல எங்க மாடு மேயுது. அதைய ஆராச்சும் எழுதுங்க.” எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

முடிவு சில மாதங்களில் வந்தது. பாறை காப்பாற்றப்படும், வேலி போட்டுக் கம்பெனியே பராமரிக்க வேண்டும். பாறையைச் சுற்றியிருந்த புல்காட்டில் பெரும்பங்கு பூங்காவுக்கு. பாறையை ஒட்டி வடபுறம் ஒரு துண்டு மட்டும் மேய்ச்சலுக்கு மிஞ்சியது. இரண்டு தரப்புக்கும் நீதி வழங்கிவிட்டதாகச் செய்தித்தாளில் போட்டார்கள்.

பழனாத்தாளைப் பார்க்கப் போனேன். மாடு கட்டும் கட்டுத்தரையில் பாதி காலியாக இருந்தது. “உங்க செடி பொளைச்சுதுங்க டீச்சரு” என்றார். மோர் கொடுத்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேறெங்கும் இல்லை என்று பொய் சொல்லியிருந்தாலும் அந்தக் காடு போயிருக்கும். ஆனால் அந்த மோரைக் குடிப்பது கஷ்டமாக இருந்தது.

செடியாவது பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. இந்த ஆண்டு கோடையில் ஜெனிஃபரோடு பாறையைப் பார்க்கப் போனேன். வாசலில் பளபளவென்று ஒரு பலகை: நாச்சிமுத்து அரியவகைத் தாவரப் பாதுகாப்பு வனம். உள்ளே பாறை வெடிப்புகளில் வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி, வெளிநாட்டுப் பூமரக் கன்றுகளை நட்டு, சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். ஈரத்தில் களை இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. மாடு உள்ளே வர முடியாது. மாடு புல்லைக் கடித்துத் திறந்து விட்ட இடத்தில்தான் அந்தக் கொழுஞ்சிக்கு வெயில் கிடைக்கும். கசப்பு என்று அதை மட்டும் விட்டுவிடும். களையை விலக்கிப் பார்த்தோம். பாதிச் செடிகள் அழுகிக் கறுத்திருந்தன. ஜெனிஃபர் குனிந்தபடியே, “பாவிப்பயலுவ” என்றாள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பசுமைப் பிரிவு மேலாளர் என்று ஒரு பையன் பேசினான். “மேடம், நாங்க டெய்லி ரெண்டு வேளை தண்ணி விடறோமுங்க. சர்வைவல் ரேட் சூப்பருங்க.”

“எதனோட சர்வைவல் தம்பி?”

“மரத்தோடதுங்க.”

“செடி அழுகுதுங்க.”

“அப்படீங்களா? தண்ணி பத்தலையோ என்னவோ. மூணு வேளையாப் பண்ணிருவோமுங்க.”

மறுநாள் காலையில் கிளை வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கூட வருகிறேன் என்ற ஜெனிஃபரை வேண்டாம் என்றேன். அவளுக்கு இன்னும் சம்பளம் வாங்க வேண்டிய வயது. போகிற வழியில் பழனாத்தாளிடம் சொன்னேன். அவர் மிச்சமிருந்த மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

வாசலில் பீகார்க்காரக் காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைநரைத்த பெண் ஒருத்தி உள்ளே போய்க் கறுப்புக் குழாயை ஒவ்வொன்றாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“மேடம், பர்மிஷன் ஹை?”

“ஹை” என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அடுத்த குழாயை வெட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், வேலிக்கு வெளியே நின்ற மாடுகளைப் பார்த்தார். “நம்ம ஊர்லயும் காய் இருக்கு மேடம்” என்றார். காய் என்றால் அவர்கள் மொழியில் பசு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவர் போய்ப் பெரிய கதவைத் திறந்துவிட்டார். பழனாத்தாள், “ஹோ, ஹோ” என்று மாடுகளை உள்ளே விட்டார். அவை நேராகக் களைக்குப் போயின. போகிற போக்கில் பூமரக் கன்றுகளையும் தின்றன.

ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தேன். கொட்டிய செம்மண்ணை மழை பாதி கழுவிக்கொண்டு போயிருந்தது. வெடிப்புகளில் சின்னதாக, வெள்ளை மயிரோடு, பாறையில் ஒட்டிக்கொண்டு முளைத்திருந்தன. பழனாத்தாளின் மாடுகள் இப்போது தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன. கம்பெனியின் பளபளப்பான ஆண்டறிக்கை கல்லூரிக்கும் வந்ததாம். ஜெனிஃபர் கொண்டுவந்து காட்டினாள். பாதுகாப்பு வனத்துக்கு நாள்தோறும் மூன்று வேளை நீர் பாய்ச்சப்படுகிறது என்று அதில் போட்டிருக்கிறது. குழாய்கள் வெட்டுப்பட்டுக் கிடப்பதைக் கம்பெனியில் இன்னும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.